அமைப்பின் பலவீனங்களை விவரிக்கவும்

1

சென்ற சனிக்கிழமை மேடையேறி ஐந்து நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே யாரிடமாவது சொன்னால் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாம். அதனால் என்னைத் தெரியாத, தமிழ் படிக்கிறவர்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சாந்தா. காரைக்கால் பக்கம், திருமலைராயன்பட்டினத்தை அடுத்த ஒரு மீனவர் தெருவில் பிறந்தவள். தெருவின் பெயரை எழுதப் போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அதை எழுதிக் கெடுத்தது போதும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். முதலில் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். பிறகு எங்கள் குடியிருப்புக்குள் இருக்கும் சமூக மையத்தில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. படிவம் நிரப்பும் வித்தையை அங்கேதான் கற்றேன்.

இங்கே ஒரு நிதியம் இருக்கிறது. தெருச் சங்கம், பேட்டைச் சங்கம் போன்ற சின்ன அமைப்புகளின் ‘திறனை வளர்க்க’ நிதி கொடுப்பது அதன் வேலை. எங்கள் தெரு மீன்காரப் பெண்களின் சங்கத்துக்கும் ஒருமுறை கொடுத்தது. வாங்கிக் கொடுத்தவள் நான். நிதியத்தின் பத்தாவது ஆண்டு விழாவில், அந்தச் சங்கம் எப்படி இருந்து எப்படி மாறியது என்று பேசச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் திரையில் தவமணி அண்ணியின் படம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. என் சொந்த அண்ணனின் மனைவி, அந்தச் சங்கத்தை நடத்தியவர். நான் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினேன்.

திரும்பி வரும் ரயிலில் மகள் நதியா என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. தமிழில் பசி, தூக்கம், தலைவலி இவற்றைச் சொல்லத் தெரியும். மற்றதெல்லாம் பிரெஞ்சுதான். பிரெஞ்சில் சொன்னாள்: “அத்தை பாவம் அம்மா. அந்தப் பயிற்சி மட்டும் கிடைக்காவிட்டால் அவருடைய கதி என்ன ஆகியிருக்கும்?”

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுக்குத் தன் அத்தையைத் தெரிந்ததே நான் நிரப்பிய படிவத்தின் வழியாகத்தான்.

2

அண்ணியைப் பற்றிப் படிவத்தில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கரையில் படகு வந்து மீன் இறங்கியதும் மணலிலேயே ஏலம் நடக்கும். ஏலத்துக்கு வெளியூர் வியாபாரிகள் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். தனியாக ஒரு கூடைக்காரி போய் நின்றால் அவளுக்கு வாலும் தலையும்தான் மிஞ்சும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் நாற்பது பேரும் ஒரே ஆளாக ஏலம் கேட்பார்கள். அந்த ஆள் அண்ணி.

விடிந்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவரிடம் வந்து தன் காரியத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தி போலகத்துப் பக்கம் போகிறாள், அங்கே நடவு நடக்கிறது, பொடி மீன் போதும் என்பாள். இன்னொருத்திக்குக் காரைக்கால் டவுனில் இரண்டு வீட்டில் விசேஷம், நல்ல சங்கரா வேண்டும். இன்னொருத்தி கையில் இன்று காசு இல்லை, கால் கூடை போதும். அண்ணி இதையெல்லாம் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார். எதையும் எழுதிவைக்க மாட்டார். பிறகு ஏலத்தில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையைத் தூக்குவார். மீனை எடுத்த பிறகு கூறு போடுவார். யார் எதைக் கேட்டாளோ அது அவள் கூடையில் இருக்கும்.

இதில் ஒரு முறை உண்டு. பிள்ளை பெற்றுக் கிடக்கிறவளுக்கும், வீட்டில் சாவு விழுந்தவளுக்கும் அன்றைய கூறு உண்டு. ஆள் வராவிட்டாலும் அவள் மீன் வேறொருத்தியின் கூடையில் ஏறிப் போய் விற்று வரும். அது யார் கூடையில் ஏற வேண்டும் என்று அண்ணி ஒரு பார்வை பார்த்தால் போதும். முணுமுணுப்பார்கள், ஆனால் ஏற்றிக்கொள்வார்கள். நான் பிறந்தபோது என் அம்மாவின் கூறு அப்படித்தான் போயிருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு தெருவில் படகும் இல்லை, கூடையும் இல்லை. முதல் படகு மறுபடி கடலுக்குப் போய் வந்த அன்று மணலில் முதலில் போய் நின்றவர் அண்ணிதான் என்று அண்ணன் போனில் சொன்னார். கடலில் பிணங்கள் மிதந்ததால் ஜனங்கள் மீன் வாங்கவே பயந்துகொண்டிருந்த நேரம் அது. அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு பட்டினத்துக் கடைத்தெருவில் நின்று, “எங்கூட்டுப் புள்ளைக்கு இதத்தான் ஆக்கிப் போட்டுட்டு வந்திருக்கேன், வாங்கிட்டுப் போங்க,” என்றாராம்.

3

சுனாமி வந்த மறுவருடம் அந்த நிதியத்தின் அறிவிப்பு எங்கள் மைய மேசைக்கு வந்தது. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த சமயம். அண்ணிக்குப் போன் போட்டேன்.

“பணம் வந்தா ஏலம் போடுற எடத்துல ஒரு கொட்டா போடலாம் சாந்தா,” என்றார். “வெயில்ல மீனு வெந்துபோவுது. ஒரு ஐஸ் பெட்டியும் இருந்தா நல்லது.”

“அதெல்லாம் தர மாட்டாங்க அண்ணி. பொருளுக்குக் கெடையாது. பயிற்சிக்கு மட்டுந்தான்.”

“என்ன பயிற்சி?”

“சங்கம் நடத்துறதுக்கு.”

அண்ணி சிரித்தார். “நடத்திக்கிட்டுதான இருக்கோம். சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுது.”

பன்னிரண்டு பக்கப் படிவம். நான்காம் பக்கத்தில், ‘அமைப்பின் பலவீனங்களை விவரிக்கவும்’ என்று ஒரு கேள்வி. எட்டு வரி இடம். ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் உண்டு. எங்கள் மையத்தின் மேலாளர் அம்மையார் நல்ல மனுஷி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். “இந்த இடத்தில் கூச்சப்படாதே சாந்தா. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதினால், அப்புறம் எங்கள் பணம் எதற்கு என்று கேட்பார்கள்.”

நான் கூச்சப்படவில்லை. பதிவேடு இல்லை, முறையான கூட்டம் இல்லை, எதிர்காலத் திட்டம் இல்லை என்று வரிசையாக எழுதினேன். இத்தனை வருடம் இருந்தும் என் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் தகராறு தீரவில்லை. அதனால் நதியாதான் தட்டச்சு செய்து திருத்திக்கொடுத்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கடைசியாக ஊருக்குப் போனபோது எட்டு. அண்ணி முள் எடுத்து உதிர்த்துக் கொடுத்த மீனைத் தின்றது அவளுக்கு நினைவில்லை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நான் சொன்னதற்கு, பள்ளிக்கூடத்தில் கற்ற பெரிய சொல் ஒன்றைப் போட்டாள். கேட்கவே நோய்ப் பெயர் மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது, விடு என்றேன்.

அப்புறமும் இரண்டு வரி மிச்சமிருந்தது. அதில் நானாக எழுதினேன்: ‘தலைவி முடிவுகளைத் தனியாக எடுக்கிறார். உறுப்பினர்களைக் கலந்தாலோசிப்பதில்லை. முடிவெடுக்கும் திறன் குறைவு.’ தனியாக முடிவெடுப்பவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்பது எந்த ஊர் நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. முழு மதிப்பெண் விழுந்தது.

மதிப்பெண்ணுக்காக எழுதினேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. காரைக்காலில் பள்ளிக்கூடம் படிக்கும்போது, பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று மட்டும் எழுதுவேன். மீன் என்ற சொல்லை எழுத மாட்டேன். அந்த எட்டு வரியை எழுதும்போது என் கை தயங்கவில்லை என்றால், உள்ளுக்குள் நான் அதை நம்பியிருக்கிறேன் என்றுதான் அர்த்தம். தவிர, மேலாளர் அம்மையார் என்னைப் பாராட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பாராட்டினார்.

இன்னொன்று. பிரெஞ்சில் எழுதியது பிரெஞ்சிலேயே இருந்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க்காரி இப்படி நினைத்திருக்கவே கூடாது. பிரெஞ்சு தெரிந்த பென்ஷன்காரர்கள் காரைக்காலில் தெருவுக்கு ஒருத்தர் இருப்பது எனக்குத் தெரியாததா?

4

பயிற்சி திருநள்ளாற்றில், ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் நடந்தது. வாடகை மலிவு, பாண்டிச்சேரியிலிருந்து வந்த பயிற்சியாளருக்குச் சனீஸ்வரனையும் பார்த்த மாதிரி ஆகும். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பட்டுப்புடவை கட்டியிருந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கோயில் ஊருக்குப் போகிறோம் என்று பெண்கள் அத்தனை பேரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அன்று ஒரு நாள் யாரும் ஏலத்துக்குப் போகவில்லை. அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்தார். பயிற்சியாளர் முப்பது வயது மனிதர், மரியாதை தெரிந்தவர். என் விண்ணப்பத்தை யாரோ ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியாரிடம் கொடுத்து, ஒரு சொல் விடாமல் நல்ல தமிழில் மொழிபெயர்த்து வாங்கியிருந்தார். ‘நமது சங்கத்தின் இன்றைய நிலை’ என்று தலைப்புப் போட்டு, பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதுவரை அது எனக்குத் தெரியாது.

பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவரே உரக்கப் படித்தார். பதிவேடு இல்லை என்றபோது சிலர் தலையாட்டினார்கள். ‘தலைவி எழுத்தறிவு அற்றவர்’ என்றபோது தலையாட்டல் நின்றது. ‘உறுப்பினர்களைக் கலந்தாலோசிப்பதில்லை, முடிவெடுக்கும் திறன் குறைவு’ என்று முடித்தார்.

பின்வரிசையிலிருந்து ராஜகுமாரி எழுந்தாள். சண்டைக்காரி என்று பெயர் வாங்கியவள். “யாரு சார் சொன்னது இத?”

“இது உங்க விண்ணப்பத்துல உள்ளதுதாங்க,” என்றார் அவர், ஒன்றும் தெரியாமல். “நம்மளப் பத்தி நம்மளே சொன்னது.”

“நாங்க எப்ப சொன்னோம்?”

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. அண்ணி மட்டும் திரும்பவில்லை. சுவரில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “எழுத்துதான தெரியாது, காது கேக்கும்ல. கேட்டாச்சு. மேக்கொண்டு சொல்லுங்க தம்பி.”

மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அண்ணி தன் இலையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்றே அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மதிப்பெண் கணக்கை விளக்கப் பார்த்தேன். அப்படி எழுதினால்தான் கொடுப்பார்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். அண்ணன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி குழம்புக்கு மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“எழுதப் படிக்கத் தெரியாதுன்னு போட்ட, அது நெசந்தான். பதிவேடு இல்லன்ன, அதுவும் நெசந்தான். யாரயும் கேக்க மாட்டேன்னு போட்ட பாரு, அது ஏன்? தெனமும் நாப்பது பேரு சொல்றதக் கேட்டுட்டுதான நான் கையத் தூக்குறேன். நீயும் சின்னதுல பக்கத்துல நின்னு பாத்தவதான?”

இரண்டு வரி இடம் மிச்சமிருந்தது அண்ணி என்று எப்படிச் சொல்வது?

5

எங்கள் மையத்துக்குப் போன வாரம் ஒரு அல்ஜீரியப் பெரியவர் வந்தார். எங்கள் அடுக்குமாடி வாடகைக்காரர் சங்கத்தின் தலைவர். அதே மாதிரி ஒரு படிவம், அதே கேள்வி. “எங்களுக்குப் பலவீனம் ஒன்றுமில்லை, லிஃப்ட்தான் ஓடவில்லை,” என்றார். அப்படி எழுதக் கூடாது ஐயா என்று சொல்ல வேண்டியது என் வேலை. அவர் சொன்னதையே எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு நிதி கிடைக்காது. எனக்கும் மேலாளர் அம்மையாரிடம் பேச்சு விழும்.

ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்து சங்கத்துக்குப் புது விதிகள் வந்தன. பொறுப்பில் இருப்பவருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது ஒரு விதி. பன்னிரண்டாவது படித்த, தெருவுக்கு மருமகளாக வந்த ஒரு பெண் தலைவியானாள். பாவம், அவள் கேட்டு வாங்கிய பதவி இல்லை அது. அண்ணி மறுநாள் ஏலத்தில் பின்னால் போய் நின்றுகொண்டார். “தலைவி கேக்கட்டும்,” என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சுவரில் ஒட்டியிருந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்று ராஜகுமாரி பின்னால் என்னிடம் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு ஏலம் கேட்டுப் பழக்கமில்லை. வியாபாரிகள் அவள் கேட்ட விலையை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “முடிவு எடுக்கத் தெரியாத பொம்பள இன்னிக்கி வரலையா?” என்று அண்ணியின் காதுபடவே ஒருவன் கேட்டானாம். சேதி கரை முழுக்கப் பரவியிருந்தது. கொஞ்ச நாளில் பெண்கள் அவரவர்க்குத் தனியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த மழைக்காலத்தில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. அவள் கூறு யார் கூடையிலும் ஏறவில்லை. எங்கள் தெருவில் அது முதல் தடவை.

சங்கம் மட்டும் காகிதத்தில் அழகாக நடந்தது. மாதக் கூட்டம், நடவடிக்கைக் குறிப்பு, ரப்பர் ஸ்டாம்ப், நீல நிறப் பெயர்ப் பலகை. பார்வையிட வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தெரு அமைப்பு இவ்வளவு சீக்கிரம் தேறியதை நாங்கள் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். கரைக்குப் போய் ஏலத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, வண்டி காத்துக்கொண்டிருந்தது.

6

மறுவருட விடுப்பில் ஊருக்குப் போனபோது என் பையில் ஒரு தாள் இருந்தது. நிதியத்தின் இறுதி அறிக்கைக்காக, பயன் பெற்ற ஒருவரின் வாக்குமூலம். முதல் விண்ணப்பத்தில் யார் தலைவியோ அவர் கையெழுத்துத்தான் வேண்டுமாம். வாசகத்தை அவர்களே தயார் செய்து அனுப்பியிருந்தார்கள்.

நான்கு நாள் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலை அண்ணியே கேட்டார். “என்னமோ ஒன் மூஞ்சியே சரியில்ல. என்ன கொண்டாந்திருக்க?”

சொன்னேன். இது வேண்டியதில்லை அண்ணி, உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

“மொதல்ல படி,” என்றார். “தமிழ்ல படி. ஒண்ணு விடாம படி.”

கூடத்தில் நின்றுகொண்டு படித்தேன். ‘பயிற்சிக்கு முன் எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. மற்றவர்களின் கருத்தைக் கேட்கும் பழக்கமும் எனக்கு இல்லை. என் பெயரைக்கூட எழுதத் தெரியாமல் இருந்தேன். இப்போது இவை எல்லாம் எனக்குத் தெரியும்.’ பெயர் எழுதத் தெரியும் என்பது மட்டும் உண்மை. பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணி கேட்டார். “நான் கையெழுத்துப் போடலன்னா ஒனக்கு அங்க என்ன ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது அண்ணி.”

“நெசத்தச் சொல்லு.”

“நான் எழுதுனது பொய்யின்னு ஆவும். ஆபீஸ்ல பேரு கெடும்.”

“என் பேரு போனது போயிடுச்சு,” என்றார். “ஒன் பேருமா போவணும்? குடு.”

தரையில் உட்கார்ந்து, தாளை அரிவாள்மனைப் பலகைமேல் வைத்துக்கொண்டார். ஈரக் கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

வேண்டாம் என்று அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். பையைத் திறந்து பேனாவை எடுத்து, மூடியையும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.